பொதுச்சொல்லும் தொழிலும்: பணிப்பெயர்களின் பால்நீக்கம் பற்றி ஒரு மறுவாசிப்பு

தமிழில் பணிப்பெயர்கள் பால் வேறுபாட்டை விட்டு வருவதைப் பற்றி எழுதியவர்கள் பெரும்பாலும் ஒரே முடிவுக்கு வந்திருக்கிறார்கள். 'ஆசிரியை' என்பது 'ஆசிரியர்' ஆவதும் 'தலைவி' என்பது 'தலைவர்' ஆவதும் வெளியிலிருந்து வந்த மாற்றமல்ல. இருபாலுக்கும் பொதுவான 'அர்' ஈறு நம் மரபிலேயே உண்டு. எனவே ஆங்கிலமும் ஜெர்மனும் இன்று படும் பாடு தமிழுக்கு இல்லை என்கிறார்கள். இதற்குத் தவறாமல் காட்டப்படும் சான்று, தொல்காப்பியப் பெயரியலில் 'ஒருவர்' என்ற சொல்லைப் பற்றி வரும் நூற்பா. அந்தச் சான்று இந்த முடிவைத் தாங்காது என்பது என் வாதம். பணிப்பெயருக்கு உண்மையில் பொருந்தும் நூற்பா அதே நூலின் கிளவியாக்கத்தில் இருக்கிறது. அது வேறொன்றைச் சொல்கிறது.

முதலில் 'ஒருவர்'. இச்சொல் ஆண், பெண் இருபாற்கும் உரியது என்கிறது முதல் நூற்பா. அது பன்மை வினையை ஏற்கும் என்கிறது அடுத்தது. முந்தைய ஆய்வுகள் இங்கேயே நின்றுவிடுகின்றன. மூன்றாவதாக ஒன்று தொடர்கிறது: இன்ன பாலைக் குறிக்கிறது என்று தெளிய வேண்டுமானால், சொல்வோன் குறிப்போடு சேர்த்து உணர வேண்டும் என்பது அதன் கருத்து. அதில் வரும் 'இவை' என்ற சுட்டு பன்மை. 'ஒருவர்' என்ற ஒரு சொல்லை மட்டும் அது சுட்டியிருக்க இயலாது. சற்று முன்னர் பேசப்பட்ட 'நீ', 'நீயிர்' ஆகியவற்றையும் அது தழுவுகிறது என்று கொள்வதே பொருந்தும். அப்படிக் கொண்டால் இந்தப் பகுதி முழுவதும் முன்னிலையும் எண்ணும் சார்ந்த ஒரு சிறு குழுவைப் பற்றியது என்பது தெளிவாகிறது. தச்சனோ கொல்லனோ உழவனோ இதில் இல்லை. தொழில் செய்வோரைக் குறிக்கும் பெயர்களுக்கு இந்த விதியை நீட்டுவது, நூலாசிரியர் சொல்லாததை அவர் தலையில் ஏற்றுவதாகும்.

இனிக் கிளவியாக்கம். பெயராலும் தொழிலாலும் பிரிந்து நிற்பவை மயங்கக் கூடாது, அவை வழக்கின் வழிப்பட்டவை என்ற கருத்துடைய நூற்பா அங்கே உள்ளது. அதற்கு உரையாசிரியர்கள் தரும் விளக்கம் நம் துறையில் வேண்டிய அளவு கவனிக்கப்படவில்லை. 'மக்கள்' என்பது ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுச்சொல். ஆனால் ஆயிரம் மக்கள் படையெடுத்துப் போனார்கள் என்றால், பெண்கள் நீங்கி ஆண்களே எஞ்சுகிறார்கள். அரசி பிள்ளை பெற்ற கட்டிலின் அருகே நான்கு மக்கள் இருந்தார்கள் என்றால், ஆண்கள் நீங்கிப் பெண்களே எஞ்சுகிறார்கள். இவற்றுக்குப் பெண்ணொழி மிகுசொல், ஆணொழி மிகுசொல் என்று பெயரும் இட்டிருக்கிறார்கள்.

சொல்லின் வடிவில் எந்த மாற்றமும் இல்லை என்பதை இங்கே கவனிக்க வேண்டும். பொதுச்சொல் பொதுச்சொல்லாகவே நிற்கிறது. அதைச் சார்ந்து வரும் தொழில் ஒரு பாலை வெளியேற்றுகிறது. எந்தத் தொழில் யாருடையது என்று ஊர் வைத்திருக்கும் கணக்கே அந்த வேலையைச் செய்கிறது. அதைத்தான் நூற்பா 'வழக்கு' என்கிறது. பொதுமை ஈற்றிலே குடியிருக்கிறது என்ற எண்ணத்துக்கு இதைவிடத் தெளிவான மறுப்பை இக்கால மொழியியலிலும் எளிதில் காண முடியாது. உரையாசிரியர்கள் பாலினச் சமத்துவம் பேசினார்கள் என்று நான் சொல்லவில்லை. வழக்கை உள்ளபடி பார்த்தார்கள், பார்த்ததற்குப் பெயரும் வைத்தார்கள் என்று மட்டும் சொல்கிறேன்.

இந்தக் கருவியைக் கையில் எடுத்துக்கொண்டு இன்றைய சொற்களுக்கு வருவோம். 'ஓட்டுநர்', 'செவிலியர்' இரண்டும் வடிவில் பொதுச்சொற்கள். 1993இல் தமிழ்நாட்டு அரசுப் பேருந்தில் வசந்தகுமாரி ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்தபோது 'முதல் பெண் ஓட்டுநர்' என்றே குறிக்கப்பட்டார். இன்றும் பெண் ஒருவர் பேருந்து ஓட்டினால் அந்த அடைமொழி வந்து ஒட்டிக்கொள்கிறது. மறுபுறம் 'ஆண் செவிலியர்'. 'ஓட்டுநர்' பெண்ணொழி மிகுசொல்லாக நிற்பதால் 'பெண்' என்பதை வெளியிலிருந்து சேர்க்க வேண்டியிருக்கிறது. 'செவிலியர்' ஆணொழி மிகுசொல். அதன் அடியில் இருப்பது வளர்ப்புத் தாயைக் குறித்த சங்ககாலச் 'செவிலி' என்பது அதற்கு இன்னும் வலுச் சேர்க்கிறது. 'அர்' ஈறு ஏறியும் அந்தப் பெண்மை இறங்கவில்லை.

'அர்' எங்கிருந்து வந்தது என்பதையும் மறக்கலாகாது. ஒருவரைப் பன்மையால் சொல்வது உயர்வு கருதிய வழக்கு, இலக்கண நெறி அன்று என்று தொல்காப்பியமே பிரித்து வைக்கிறது. மதிப்புக்காக வந்த ஈறு மதிப்பு உள்ள இடத்தில்தான் தங்கும். அமைச்சர், மருத்துவர், வழக்கறிஞர் ஆகியோருக்கு அது தடையின்றிக் கிடைத்தது. பூக்காரி, வேலைக்காரி, கூலிக்காரி ஆகியோரிடம் வந்து சேரவில்லை. அரசாணையில் 'தூய்மைப் பணியாளர்' என்று இருப்பவர் தெருவில் 'குப்பைக்காரம்மா'. பால்நீக்கம் படிநிலையைப் பின்பற்றியே இறங்கி வந்திருக்கிறது என்பதில் எனக்கு ஐயமில்லை, எவ்வளவு வேகமாக என்பதில் கருத்து வேறுபடலாம். மதிப்பு உள்ள இடத்திலும் பொதுமை உறுதியில்லை. ஜெயலலிதாவின் பதவிப்பெயர் 'முதலமைச்சர்', எம்.ஜி.ஆரின் 'புரட்சித் தலைவர்' பட்டமோ அவரிடம் வந்தபோது 'புரட்சித் தலைவி' ஆயிற்று.

பேச்சுமொழி இன்னும் நேரான சான்று தருகிறது. எழுத்தில் 'அவர் வந்தார்' இருபாலுக்கும் பொது. தமிழ்நாட்டுப் பேச்சில் 'அவரு வந்தாரு' ஆணுக்கு மட்டுமே. மதிப்புக்குரிய பெண்ணுக்கு 'அவங்க வந்தாங்க'. யாழ்ப்பாணப் பேச்சில் 'அவர்' ஆண், 'அவா' பெண். அதாவது பொதுமையின் தாய்வீடு என்று நாம் காட்டும் 'அர்', மக்கள் வாயில் ஆண்பால் மரியாதையாகச் சுருங்கிவிட்டது. தமிழ்நாட்டில் அன்றாடம் உண்மையிலேயே பால் காட்டாமல் நிற்பது 'ங்க'. 'டாக்டர் வந்துட்டாங்க' என்பதில் ஆணா பெண்ணா என்பது தெரியாது. 'டாக்டர் வந்துட்டாரு' என்றால் தெரிந்துவிடும். 'மருத்துவர்' என்ற சொல் இருபாற்பொது என்பது எழுத்துமொழிக்கு மட்டும் உண்மை.

பேச்சு வழக்கை இலக்கண ஆய்வில் சான்றாக்கலாமா என்று கேட்கப்படும். வழக்கையே அடிப்படையாகக் கொண்ட நூற்பாவை விளக்கும்போது வழக்கை ஒதுக்க இயலாது. காலப்போக்கில் எல்லாம் சரியாகிவிடும் என்போர் 'செவிலியர்' என்ற சொல்லைப் பார்க்கட்டும். 'ஆசிரியை', 'நடிகை' போன்ற வடிவங்கள் போனால் பெண்கள் கண்ணுக்குத் தெரியாமல் போவார்கள் என்ற கவலை சற்றுக் கனமானது. ஆனால் அது 'அர்' உண்மையில் பொது என்பதை முதலில் ஒப்புக்கொண்டு எழும் கவலை. அந்த ஒப்புதலைத்தான் இங்கே கேள்வி கேட்கிறேன்.

மேற்கொண்டு தரவு திரட்ட மிகப் பொருத்தமான இடம் ஊராட்சி. உள்ளாட்சிப் பதவிகளில் பாதியைப் பெண்களுக்கு ஒதுக்கும் திருத்தம் தமிழ்நாட்டில் 2016இல் வந்தது. கூட்டப் பதிவேட்டில் பெண்ணின் கையெழுத்துக்குக் கீழே 'தலைவர்' என்றே இருக்கும். அதே ஊரில் 'தலைவர் வந்தாரு' என்றால் பல இடங்களில் அவருடைய கணவர் வந்தார் என்று பொருள்; பதவியில் இருப்பவர் 'தலைவரம்மா'. கிராம சபைப் பேச்சையும் அதே நாளின் பதிவேட்டையும் அருகருகே வைத்துப் படித்தால், எழுத்தில் பொதுவாக நிற்கும் சொல் எந்த வினைமுற்றில், யாருடைய வாயில் பெண்ணொழி மிகுசொல்லாக மாறுகிறது என்பதைச் சொல்லுக்குச் சொல் காட்டலாம். 'ஒருவர்' நூற்பாவை இன்னொரு முறை மேற்கோள் காட்டுவதைவிட அந்த வேலைக்கே நம் துறை இப்போது ஆள் தேட வேண்டும்.