கோல்ஃப் நேருக்கு நேர் பந்தயக் கணிப்பு

ஒரே போட்டியில் ஆடும் இரு தொழில்முறை ஆட்டக்காரர்களில் யார் குறைந்த அடிகளில் முடிப்பார் என்று பணம் கட்டுவதே நேருக்கு நேர் பந்தயம். டென்னிஸில் எதிராளியின் அடி நம் ஆட்டத்தை மாற்றும். கோல்ஃபில் அவரவர் பந்து அவரவர் பாடு. ஆகவே இருவரின் பழைய மோதல் கணக்கு அதிகம் சொல்வதில்லை. ஒவ்வொருவர் திறனையும் தனித்தனியே அளப்பதே சரி. கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் மார்க் பிராடி வளர்த்தெடுத்த, ஓர் அடி சராசரியைவிட எவ்வளவு மேல் என்று காட்டும் 'ஸ்ட்ரோக்ஸ் கெயின்ட்' அளவையை, அமெரிக்கத் தொழில்முறைப் போட்டித் தொடரான பிஜிஏ டூர் 2011இல் பட்டிங்குக்கு (குழியை நோக்கிப் பந்தை உருட்டும் அடிக்கு) பயன்படுத்தத் தொடங்கியது. தொலைவிலிருந்து அடிக்கும் திறன் ஓரளவு நிலைக்கும். ஒரு வாரப் பட்டிங் ஜொலிப்பு மறுவாரமே கரையலாம்.

திறன் தெரிந்தாலும் தற்செயல் விடாது. செயின்ட் ஆண்ட்ரூஸில் 2010 ஓபன் போட்டியில் ரோரி மெக்கில்ராய் முதல் நாள் 63 அடித்தார். மறுநாள் பலத்த காற்றில் 80. ஒரு சுற்றின் திட்டவிலக்கம் (சராசரியிலிருந்து விலகும் அளவு) சுமார் 3 அடி எனக் கொண்டால், சுற்றுக்கு அரை அடி சிறந்தவர் ஒரு சுற்றில் வெல்லும் வாய்ப்பு ஏறத்தாழ 55 சதவீதம். நான்கு சுற்றுகளில் 59. சில மைதானங்கள் சிலருக்குப் பொருந்தும் என்பார்கள். உண்மைதான், ஆனால் ஒரு மைதானத்தில் ஒருவர் ஆடிய சுற்றுகள் மிகச் சில. அதற்குச் சிறு எடையே தகும். 59 சதவீதம் லாபம்தானே என்றும் கேட்கலாம். இருபுறமும் ஒரு ரூபாய்க்கு 1.91 திரும்பும் விலையென்றால், போட்ட முதல் மீள 52.4 சதவீதம் போதும். ஆனால் அந்த அரை அடி பந்தய நிறுவனத்துக்கும் தெரியும், சிறந்தவரின் விலையை அது முன்பே குறைத்திருக்கும்.