சாய்ந்த பயிரும் சாய்த்த கைகளும்: பயிர் வட்டங்களின் வரலாற்றில் உழவர் எங்கே?

1678ஆம் ஆண்டு இங்கிலாந்தின் ஹெர்ட்ஃபோர்டுஷையர் பகுதியில் நடந்ததாக ஒரு நிகழ்வைக் கூறும் சிறு துண்டுநூல் அச்சாகி வெளிவந்தது. ஓட்ஸ் பயிரை அறுக்க வந்த கூலியாள் கேட்ட கூலி மிகுதி என்று நிலக்காரர் மறுக்கிறார். இதற்குச் சாத்தானே வந்து அறுக்கட்டும் என்று சினந்து கூறுகிறார். அன்றிரவு வயல் தீப்பற்றியதுபோல் ஒளிர்கிறது. விடிந்து பார்த்தால், பயிர் வட்ட வட்டமாக அறுபட்டுக் கிடக்கிறது. அதை அள்ளிச் செல்ல நிலக்காரருக்குத் துணிவில்லை.

‘அறுக்கும் சாத்தான்’ என அறியப்படும் இந்நூலைப் பயிர் வட்டத்தின் முதல் சான்றாகப் பலர் காட்டுவர். அதில் இரு சிக்கல்கள் உண்டு. ஒன்று, அங்கே பயிர் வளைக்கப்படவில்லை, அறுக்கப்பட்டது. மற்றொன்று, அக்கதையின் உயிர்நாடி வட்டம் அன்று, கூலித் தகராறு. உழைப்புக்கு உரிய விலை தராதவனின் விளைச்சல் அவனுக்கே பயன்படாமற் போனது என்பதே அதன் நீதி. பிற்காலத்தார் வட்டத்தை எடுத்துக்கொண்டனர், கூலியை விட்டுவிட்டனர். பயிர் வட்டங்களைப் பற்றிய பிந்தைய எழுத்துகளிலும் இந்த விடுபடல் தொடர்கிறது.

1966இல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்து டல்லி என்னும் ஊரில், சதுப்பு நீர்நிலையொன்றில் கோரைகள் வட்டமாகப் படிந்து கிடந்தன. வாழைப் பயிரிடும் ஒருவர் அங்கிருந்து பறக்கும் தட்டு எழுந்ததைக் கண்டதாகக் கூற, அது ‘தட்டின் கூடு’ எனப் பெயர் பெற்றது. இச்செய்தியை நினைவில் வைத்திருந்த டக் பவர், தம் நண்பர் டேவ் சோர்லியுடன் 1970களின் பிற்பகுதியில் தென் இங்கிலாந்தின் கோதுமை வயல்களில் இரவில் இறங்கினார். பலகை, கயிறு, திசை பார்க்கத் தொப்பியில் பொருத்திய கம்பி வளையம்: இவையே கருவிகள். 1991 செப்டம்பரில் செய்தித்தாள் ஒன்றின் வழியே இருவரும் உண்மையை வெளியிட்டனர். அவர்கள் செய்து காட்டிய வடிவத்தை மனிதரால் இயலாதது என்று வல்லுநர் ஒருவர் சான்றளித்துத் தலைகுனிந்ததும் அப்போதுதான். மறு ஆண்டு இருவருக்கும் இயற்பியலுக்கான இக்நோபல் பரிசு அறிவிக்கப்பட்டது.

இங்கே இலக்கணம் ஒரு திறவுகோலாகிறது. தமிழில் ‘பயிர் சாய்ந்தது’ என்பது தன்வினை. ‘பயிரைச் சாய்த்தனர்’ என்பது பிறவினை. ஒரு மெய்யெழுத்து மாறினால் செய்தவன் வாக்கியத்துக்குள் வந்துவிடுகிறான். பயிர் வட்ட இலக்கியத்தின் பெரும்பகுதி ‘வட்டம் தோன்றியது’ என்னும் தன்வினையிலேயே எழுதப்பட்டது. தோன்றியதற்குக் கர்த்தா வேண்டியதில்லை. எனவே சுழற்காற்றும் வேற்றுக்கோளும் அந்த வெற்றிடத்தில் எளிதாக நுழைந்தன. செய்தவன் இல்லாத இடத்தில் இழப்பீடு கேட்கவும் ஆளில்லை.

இழப்பு கற்பனையன்று. ஐப்பசி மழையில் நெல் சாய்ந்த வயலை அறிந்தவர்க்கு இதை விளக்கத் தேவையில்லை. தரையோடு படிந்த கதிரை அறுவடை இயந்திரம் முழுமையாக வாரி எடுக்காது. ஈரம் பட்டால் மணி முளைவிடும். இங்கிலாந்தில் வட்டத்தைவிட, அதைக் காண வருவோரின் கால்களே மிகுந்த சேதம் விளைவித்தன என்று உழவர்கள் முறையிட்டனர். சிலர் கூட்டம் வருமுன்பே அந்தப் பகுதியை அறுத்து அழித்தனர். 2000ஆம் ஆண்டில் வில்ட்ஷையரில் வட்டம் வரைந்த ஒருவர் பயிர்ச் சேதக் குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டார். அபராதம் 100 பவுண்டு. ‘தோன்றியது’ என்பதைச் சட்டம் ‘செய்தார்’ என்று திருத்தியது.

மறுபுறம் சுற்றுலா. 1990இல் வில்ட்ஷையரின் ஆல்டன் பார்ன்ஸ் வயலில் உருவான நீண்ட சித்திரத்தைக் காணக் கூட்டம் திரண்டபோது, உழவர் நுழைவுக் கட்டணம் வசூலித்தார். 1996 ஜூலையில் ஸ்டோன்ஹெஞ்ச் எதிரே 151 வட்டங்கள் கொண்ட சுருள் வடிவம் அமைந்தது. அங்கே நான்கு வாரங்களில் ஏறத்தாழ 30,000 பவுண்டு திரண்டதாகவும், சேதமான பயிரின் மதிப்பு 150 பவுண்டு அளவே என்றும் கூறப்பட்டது. ஆனால் இது விதியன்று, விலக்கு. சாலையோரமும் புகழ்பெற்ற சின்னத்தின் அருகாமையும் வாய்த்தவருக்கே அந்த வருவாய். மற்ற இடங்களில் விடுதிக்கும் வானூர்தி உலாவுக்கும் படநூலுக்கும் பணம் சென்றது. மிதிபட்ட வயல் மட்டும் உழவருடையதாக எஞ்சியது.

பெங்களூரின் ஹெப்பகோடியிலிருந்து பார்க்கும்போது இக்கதைக்கு இன்னொரு முகம் தெரிகிறது. ஆனேக்கல் வட்டத்தின் ராகி விளையும் மேட்டுநிலத்தைச் சேர்ந்தது அவ்வூர். அதன் அண்டையில் 1978இல் கியோனிக்ஸ் நிறுவனம் கோனப்பன அக்ரஹாரம், தொட்டதோகூர் ஆகிய ஊர்களின் 332 ஏக்கரில் மின்னணு நகரத்தைத் தொடங்கியது. இன்று மெட்ரோ ரயிலின் மஞ்சள் தடம் அப்பகுதிக்கு மேலே ஓடுகிறது. அங்கே நிலம் சில்லுத் தொழிலுக்கு நிரந்தரமாக இடம் கொடுத்தது. கலிபோர்னியாவின் சுவாலாரில் சில நாட்களுக்கு மட்டும் கொடுத்தது: 2013 டிசம்பர் இறுதியில் ஒரு பார்லி வயலில் உருவான வட்டம், என்விடியா நிறுவனம் தன் புதிய சில்லுக்குச் செய்த விளம்பரம் என்று சில நாட்களில் தெரியவந்தது. விளைநிலம் அங்கே விளம்பரப் பலகையாயிற்று.

உழவரே கர்த்தாவாகும் மரபும் உண்டு. ஜப்பானின் இனகடாதே கிராமத்தில் 1993 முதல் வெவ்வேறு நிற நெல்வகைகளை நட்டு வயலில் ஓவியம் வளர்க்கின்றனர். அதைக் காண ஆண்டுதோறும் லட்சக்கணக்கானோர் வந்தனர். கேரளத்தின் வயநாட்டிலும் மகாராட்டிரத்தின் புணே அருகிலும் இத்தகைய நெல்லோவியங்கள் நடப்பட்டுள்ளன. இங்கே பயிர் சாய்க்கப்படுவதில்லை. நடப்படுகிறது, விளைகிறது, அறுக்கப்படுகிறது. காட்சியும் களமும் ஒன்றையொன்று அழிப்பதில்லை. மரபு நெல்வகைகளின் நிறம் பாதுகாக்கப்படுவதற்கும் அது ஒரு காரணமாகிறது.

ஆகவே பயிர் வட்டங்களைக் குறித்த முதன்மையான ஆய்வு வினா ‘யார் வரைந்தார்?’ என்பது மட்டுமன்று. அவ்வினாவுக்கு 1991லேயே விடை கிடைத்துவிட்டது. யாருடைய நிலம், யாருடைய இசைவு, யாருக்குக் கட்டணம் என்பவையே எஞ்சிய வினாக்கள். 1678இன் துண்டுநூல் அந்தக் கணக்கைத்தான் எழுப்பியது. அறுத்தவனுக்கு என்ன கூலி என்ற அக்கேள்வி இன்னும் வயலிலேயே கிடக்கிறது.