மூன்று நிமிடத்தில் நின்ற குரல்



கோலா கெத்திலுக்கு அருகில் நாம் பணியாற்றும் தோட்டப் பள்ளிக்கு ஒருநாள் பெரியவர் ஒருவர் வந்தார். பால்மரம் வெட்டி ஓய்ந்தவர். துண்டில் சுற்றி ஒரு கறுப்பு இசைத்தட்டைக் கொண்டு வந்திருந்தார். ஓரத்தில் விரிசல்.

"வாத்தியாரையா, இது எங்கப்பா வெச்சிருந்த கிட்டப்பா பாட்டுத் தட்டு. பாட்டுப் பெட்டி எப்பவோ போயிருச்சு. பிள்ளைங்க இதையும் தூக்கிப் போடப் பாக்குதுங்க. நீங்க வெச்சிக்குங்க" என்றார்.

மாணவர்கள் சூழ்ந்துகொண்டார்கள். "இதுக்குள்ள எப்படி ஐயா பாட்டு இருக்கும்?" என்று ஒரு சிறுவன் கேட்டான். அவனுக்குச் சொன்ன விடையையே இன்று உங்களுக்கும் சொல்கிறோம்.

ஜெர்மனியில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த எமில் பெர்லினர் என்பவர் 1887 ஆம் ஆண்டில் கிராமபோனைக் கண்டுபிடித்தார். அவருடைய தொடக்ககாலத் தட்டுகள் எதனால் ஆனவை தெரியுமா? கெட்டியாக்கிய ரப்பரால்! பின்னர் ரப்பருக்குப் பதிலாக அரக்கு வந்தது. மரக்கிளைகளில் வாழும் சிறு பூச்சிகள் சுரக்கும் அந்த அரக்கு பெரும்பாலும் இந்தியாவிலிருந்தே சென்றது. பாடகர் ஒரு பெரிய குழலின் வாயருகே நின்று பாடுவார். அந்த அதிர்வில் ஓர் ஊசி அசைந்து மெழுகுத் தட்டில் கோடு கீறும். அதிலிருந்து உலோக அச்சு எடுத்து, அரக்குத் தட்டுகளை அழுத்தி எடுப்பார்கள். மின்சார ஒலிவாங்கி 1925 ஆம் ஆண்டில்தான் வழக்கத்துக்கு வந்தது. பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கம் ஏறத்தாழ மூன்று நிமிடம் மட்டுமே பாடும்.

1902 ஆம் ஆண்டில் பிரெட் கெய்ஸ்பர்க் என்ற ஒலிப்பதிவாளர் இத்தாலியில் கருசோவின் குரலைப் பதிந்தார். அதே ஆண்டின் இறுதியில் கல்கத்தாவுக்கு வந்து கௌஹர் ஜானைப் பதிந்தார். ருஷ்ய நாட்டில் கசான் நகரில் ஏழைக் குடும்பத்தில் 1873 இல் பிறந்து, இசை நாடக மேடையில் உலகப் புகழ் பெற்ற ஷலியாப்பினின் குரலும் அக்காலத்திலேயே தட்டில் ஏறியது.

நம் தமிழ் மேடையிலும் அப்படி ஒருவர் இருந்தார். அவரே செங்கோட்டை எஸ். ஜி. கிட்டப்பா. 1906 ஆம் ஆண்டில் பிறந்தவர். அக்காலத்தில் செங்கோட்டை திருவிதாங்கூர் சமஸ்தானத்தைச் சேர்ந்தது. வறுமை காரணமாகச் சகோதரர்களோடு சிறு வயதிலேயே நாடகக் குழுவில் சேர்ந்தார். பின்னர் கன்னையா குழுவில் பெயர் பெற்றார். ஒலிபெருக்கி இல்லாத நாள் அது. கொட்டகையின் கடைசி வரிசையில் தரையில் இருப்பவனுக்கும் குரல் எட்டவேண்டும். கிட்டப்பாவின் குரல் எட்டியது. உச்ச ஸ்தாயியில் அது பிசிறில்லாமல் நின்றது.

கொடுமுடியில் 1908 இல் பிறந்த கே. பி. சுந்தராம்பாளும் வறுமையில் வளர்ந்தவரே. இரயில் வண்டியில் பாடிப் பிழைத்த சிறுமி அவர். இருவரும் கொழும்பு மேடையில் இணைந்து நடித்தார்கள். 1927 இல் மணம் புரிந்தார்கள்.

மேடையில் ஒரு விருத்தத்தைக் கிட்டப்பா விரும்பிய நேரம் விரித்துப் பாடலாம். மக்கள் 'ஒன்ஸ்மோர்' என்றால் மறுபடியும் பாடலாம். தட்டிலோ மூன்று நிமிடத்துக்குள் சுருக்க வேண்டும். வள்ளலாரின் பாடலையும் தியாகராசரின் கீர்த்தனையையும் அந்த அளவுக்குள் அடக்கிப் பாடினார். நாடகம் பார்க்க வழியில்லாத ஏழைகளும், கடல் கடந்து சென்ற தமிழர்களும் அந்தத் தட்டுகளில் அவரைக் கேட்டார்கள்.

1933 டிசம்பர் 2 ஆம் நாள் கிட்டப்பா மறைந்தார். வயது 27 தான். தமிழ்ப் பேசும்படம் 1931 இலேயே வந்துவிட்டது. ஆனால் அவர் ஒரு படத்திலும் நடிக்கவில்லை. அவர் மறைந்த அதே 1933 இல் ஷலியாப்பின் 'டான் குயிக்ஸாட்' படத்தில் நடித்தார். ஆகவே ருஷ்யப் பாடகரின் நடிப்பை இன்றும் காணலாம். கிட்டப்பாவின் மேடை நடிப்பைக் காணவே முடியாது. அவர் குரலுக்கு அந்த அரக்குத் தட்டுகளே சாட்சி.

சுந்தராம்பாள் அதன்பின் வெள்ளைச் சேலையே உடுத்தினார். 1935 இல் வந்த 'பக்த நந்தனார்' படத்தில் ஆண் வேடம் ஏற்றார். அதற்கு ஒரு இலட்சம் ரூபாய் பெற்றார். 1953 இல் 'ஔவையார்' வந்தது. 1980 இல் மறையும் வரை அவர் வளர்ந்ததை உலகம் கண்டது. கிட்டப்பாவோ 27 வயதிலேயே நின்றுவிட்டார்.

பெரியவரின் தட்டுக்கு வருவோம். பழைய பொருள்களைச் சேர்த்து வைத்திருக்கும் ஒருவரிடம் பாட்டுப் பெட்டி இருந்தது. பெரியவரையும் அழைத்துச் சென்று தட்டைச் சுழல விட்டோம். அது நிமிடத்துக்கு 78 முறை சுற்றுவது. ஒவ்வொரு சுற்றிலும் விரிசல் 'டக், டக்' என்றது. அதற்கிடையே குரல் எழுந்தது. பெரியவர் தலை குனிந்து கேட்டார். "எங்கப்பா இதைப் போட்டா லயத்துல எல்லாரும் வாசல்ல வந்து உக்காந்துருவாங்க" என்றார். பிறகு மெதுவாக, "எங்கம்மா ரொம்ப நல்லாப் பாடும். அதை யாரும் பிடிச்சு வைக்கலையே" என்றார்.

நேயர்களே, அந்தச் சொல் நம்மை விட்டு அகலவில்லை. வீட்டில் பழைய இசைத்தட்டு இருந்தால் வெயிலில் வைக்காதீர்கள். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காமல் நிறுத்தி வையுங்கள். ஸ்பிரிட்டால் துடைக்காதீர்கள், அரக்கு கரைந்துவிடும். இன்னொன்றும் செய்யுங்கள். இன்று கையிலிருக்கும் தொலைபேசியே ஒலியைப் பதிகிறது. குழலும் மெழுகும் வேண்டியதில்லை. பாட்டியை உட்காரவைத்து, அவர் அறிந்த தாலாட்டை, தெம்மாங்கை, வெளிக்காட்டில் பாடிய பாட்டைப் பாடச் சொல்லுங்கள். மூன்று நிமிடம் போதும்.