டாலஸ் எங்கே நிற்கிறது? கணுக்கால் முறிவுச் சிகிச்சையின் இரண்டரை நூற்றாண்டு

கணுக்கால் உடைந்தவரின் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடிக்கும் எலும்பு மருத்துவர், முறிந்த கோட்டை ஒருமுறை பார்த்துவிட்டு உடனே வேறோர் இடத்தைத் தேடுவார். பாத எலும்புகளின் உச்சியில் இருக்கும் டாலஸ், மேலிருந்து வரும் இரு எலும்புகளுக்கும் நடுவே நேராக நிற்கிறதா, ஒருபுறம் நகர்ந்திருக்கிறதா என்பதே அவருடைய முதல் கேள்வி. நகரவில்லை என்றால் பெரும்பாலும் கத்தி வேண்டாம். நகர்ந்திருந்தாலோ, நகரக்கூடும் என்றாலோ அறுவைச் சிகிச்சைப் பேச்சு தொடங்கும். இத்தனை எளிமையாகச் சொல்லக்கூடிய இந்தக் கேள்வியை மருத்துவம் கண்டடைய இரண்டு நூற்றாண்டுகள் பிடித்தன. கண்டடைந்த பிறகும் அதை ஓரமாக வைத்துவிட்டு, உடைந்த எலும்பையெல்லாம் பிளேட் வைத்து நேராக்கிய காலமும் உண்டு. அறுவைக்குப் பின் காலை எப்போது தரையில் ஊன்றலாம் என்பதற்கோ, பெரிய அளவிலான ஆய்வு 2024-இல்தான் விடை தந்தது. இவ்விரு கேள்விகளின் வரலாற்றையே இங்கே தொடர்ந்து பார்க்கிறோம்.

உடற்கூறு கொஞ்சம் தெரிந்தால்தான் இனி வருவது விளங்கும். முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்புகள். உடல் எடையைத் தாங்கும் தடித்த எலும்பு டிபியா. அதன் வெளிப்புறத்தில் ஒல்லியாக இறங்குவது ஃபிபுலா. டிபியாவின் கீழ்முனை உள்கணுவாகவும் ஃபிபுலாவின் கீழ்முனை வெளிக்கணுவாகவும் தோலுக்கடியில் துருத்தி நிற்கின்றன. டிபியாவின் பின்விளிம்பைப் பின்கணு என்று கொள்ளலாம். அது கைக்குத் தட்டுப்படாது. தச்சர் குழியில் முளையைப் பொருத்துவதுபோல் இம்மூன்றுக்கும் நடுவே டாலஸ் பொருந்தியிருக்கிறது. உள்கணுவிலிருந்து விரிந்து இறங்கும் டெல்டாய்டு தசைநார் அதை உட்புறம் பிடித்துக்கொள்கிறது. மூட்டுக்குச் சற்று மேலே டிபியாவையும் ஃபிபுலாவையும் இறுக்கிக் கட்டும் தசைநார்த் தொகுதிக்குச் சின்டெஸ்மோசிஸ் என்று பெயர்.

உயிரா, காலா?

கணுக்காலில் எலும்பு தோலைக் கிழித்து வெளியே வந்துவிட்டால் அதை உள்ளே தள்ளிப் பொருத்தாதே என்று ஹிப்போகிரட்டஸ் பெயரில் வழங்கும் கிரேக்க நூல்கள் எச்சரிக்கின்றன. அப்படிப் பொருத்தப்பட்டவர்கள் சில நாட்களில் இறந்துபோவதை அந்நூல்களை எழுதியவர்கள் கண்டிருந்தார்கள். கிருமி என்ற எண்ணமே இல்லாத காலத்தில், அழுக்கை உள்ளே வைத்து மூடுவதன் விளைவை அவ்வளவு துல்லியமாகப் பதிவு செய்தது வியப்புக்குரியது. அதன்பின் ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகள், திறந்த முறிவு என்றால் காலை வெட்டுவதா, நோயாளியை இழப்பதா என்பதே பேச்சாக இருந்தது.

1756-இல் லண்டனின் பழைய கென்ட் சாலையில் குதிரையிலிருந்து விழுந்த பெர்சிவல் பாட் இந்தப் பேச்சின் நடுவில் அகப்பட்டார். புனித பர்த்தலோமியூ மருத்துவமனையின் அறுவை மருத்துவரான அவருக்குக் கீழ்க்கால் எலும்பு உடைந்து தோலைக் கிழித்து வெளியே வந்திருந்தது. தம்மைத் தூக்க வந்தவர்களை அவர் தொடவிடவில்லை. அலைக்கழித்துத் தூக்கினால் எலும்பு முனை இன்னும் சதையைக் கிழிக்கும் என்பது அவருக்குத் தெரியும். பல்லக்குத் தூக்குவோரை அவர்களுடைய கழிகளோடு வரவழைத்தார். அவர்கள் வந்து சேரும்வரை தரையிலேயே கிடந்தார். அதற்குள் ஒரு கதவை விலைக்கு வாங்கி, கழிகளை அதில் ஆணியடித்துப் பொருத்தச் செய்து, அதன்மேல் படுத்தபடி வீடு போய்ச் சேர்ந்தார். காலை வெட்டிவிடுவது என்று மருத்துவர்கள் முடிவு செய்து கருவிகளையும் எடுத்து வைத்துவிட்டார்கள். அந்நேரம் வந்து சேர்ந்த அவருடைய ஆசிரியர் எட்வர்ட் நோர்ஸ் முறிவைப் பரிசோதித்து, காலைக் காப்பாற்ற முடியும் என்றார். கால் பிழைத்தது.

‘பாட் முறிவு’ என்று இன்றும் பாடநூல்கள் சொல்வது அவருக்கு நேர்ந்த முறிவு இல்லை. 1760களின் இறுதியில் வெளிவந்த அவருடைய சிறுநூலில் வேறொரு காயத்தை அவர் விவரிக்கிறார். ஃபிபுலா கீழ்முனைக்கு இரண்டு மூன்று அங்குலம் மேலே உடைகிறது. உட்புறத் தசைநார் கிழிகிறது. பாதம் வெளிப்பக்கம் சரிகிறது. எலும்பு முறிவையும் தசைநார்க் கிழிசலையும் ஒரே காயத்தின் இரு பக்கங்களாக அவர் பார்த்தார் என்பதுதான் முக்கியம். முழங்காலை மடக்கிக் கெண்டைக்கால் தசையைத் தளரவிட்டால் பாதம் எளிதாக இடத்துக்கு வரும் என்ற அவருடைய அறிவுரையை இன்றைய அவசரப் பிரிவு மருத்துவரும் அப்படியே பின்பற்றுகிறார்.

பாரிஸில் டூபுயிட்ரன் 1819-இல் ஃபிபுலா முறிவைப் பற்றி விரிவாக எழுதினார். காலின் உட்புறம் திண்டு வைத்த கட்டை ஒன்றைக் கட்டி, பாதத்தை உள்நோக்கி இழுத்து வைப்பது அவர் முறை. 1840-இல் மேஸன்னவ், பாதம் வெளிநோக்கித் திருகப்படும்போது எலும்பு எப்படி உடைகிறது என்பதைச் சடலங்களில் சோதித்துக் காட்டினார். கணுக்காலில் அடிபட்டு, முறிவு முழங்காலை ஒட்டிய ஃபிபுலாவில் தோன்றும் விசித்திரமான காயம் அவர் பெயரால் வழங்குகிறது. கணுக்கால் படத்தில் மட்டும் முறிவைத் தேடினால் இது தப்பிவிடும். ஆகவே கணுக்கால் வீங்கிய நோயாளியின் கால் முழுவதையும் தடவிப் பார்க்க வேண்டும்.

19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதி மூன்று பெருங்கருவிகளைக் கொடுத்தது. டச்சுப் படை மருத்துவர் மாத்தைசன் 1850களின் தொடக்கத்தில் மாவுக்கட்டைக் கொண்டுவந்தார். கிளாஸ்கோவில் ஜோசப் லிஸ்டர் 1865 ஆகஸ்டில், வண்டிச் சக்கரம் ஏறித் திறந்த முறிவு கண்ட 11 வயதுச் சிறுவனின் காலில் கார்பாலிக் அமிலக் கட்டுப் போட்டார். சீழ் பிடிக்காமல் எலும்பு கூடியது. 1895-இல் ராண்ட்கன் எக்ஸ்ரேயைக் கண்டார்.

உலோகம் உள்ளே நுழைகிறது

மாவுக்கட்டுக்குள் எலும்பு கூடியது உண்மை. சரியான இடத்தில் கூடியதா என்பதை எக்ஸ்ரே காட்டிக்கொடுத்தது. லண்டனின் ஆர்பத்னட் லேன் அதற்கு முன்பே ஐயம் கொண்டிருந்தார். கூலித் தொழிலாளர்களின் உடல்களை அறுத்து ஆராய்ந்தபோது, கோணலாகக் கூடிய முறிவுகளுக்கு அருகிலிருந்த மூட்டுகள் தேய்ந்திருப்பதைக் கண்டார். சுமை தூக்கிப் பிழைப்பவனுக்கு மூட்டுப் போனால் கூலி போய்விடும் என்பதை மருத்துவ வாதமாகவே அவர் முன்வைத்தார். காயத்துக்குள் கைவிரல் படாமல் கருவிகளாலேயே வேலை செய்யும் முறையையும் வகுத்தார். பெல்ஜியத்தில் ஆல்பின் லம்போட் தமக்கு வேண்டிய அறுவைக் கருவிகளைத் தாமே செய்துகொண்டார். வயலின் செய்யவும் தெரிந்தவர். முறிந்த எலும்பை உலோகத்தால் இணைக்கும் கலைக்கு ஆஸ்டியோசிந்தெசிஸ் என்று பெயரிட்டவர் அவரே. இருவருடைய கைத்திறனுக்கும் அக்கால உலோகம் ஈடுகொடுக்கவில்லை. பிளேட்டுகள் அரித்தன, உடைந்தன. பிறர் கையில் சீழும் பிடித்தது. அறுவைச் சிகிச்சை பல நாடுகளில் பின்வாங்கியது.

இந்த இடைவெளியில்தான் டென்மார்க்கின் லௌகே-ஹான்சன் வருகிறார். வெட்டி எடுக்கப்பட்ட கால்களைக் கையால் திருகி உடைத்து, பாதம் எந்த நிலையில் இருந்தது, விசை எந்தப் பக்கம் வந்தது என்பதைக் கொண்டு முறிவுகளை வகைப்படுத்தி 1950 வாக்கில் வெளியிட்டார். எந்தத் திசையில் உடைந்ததோ அதன் எதிர்த்திசையில் திருப்பினால் கத்தியில்லாமலே பொருத்தலாம் என்பதே அவர் நோக்கம். பிற்காலத்து எம்ஆர்ஐ ஆய்வுகள் அவர் கணித்த வரிசையில் தசைநார்கள் எப்போதும் கிழிவதில்லை என்று காட்டின. ஆனாலும் காயத்துக்குப் படிநிலைகள் உண்டு, ஒரே ஃபிபுலா முறிவு ஒருவரிடம் உறுதியாகவும் இன்னொருவரிடம் ஆட்டம் காண்பதாகவும் இருக்கலாம் என்ற அவருடைய கருத்தை இன்றைய முடிவெடுப்பின் அடித்தளம் என்றே சொல்வேன்.

பிரஸ்ஸல்ஸில் ராபர்ட் டானிஸ் எலும்பு முனைகளை அழுத்திப் பொருத்தினால் வெளியே புடைப்பு இல்லாமலே அவை கூடுவதைக் கண்டு 1949-இல் நூலாக்கினார். அவரிடம் கற்றுத் திரும்பிய சுவிட்சர்லாந்தின் மொரிஸ் முல்லர், சக மருத்துவர்களோடு 1958 நவம்பர் 6 அன்று பீல் நகரில் ஏஓ குழுவை நிறுவினார். துல்லியமாகப் பொருத்து, அசையாமல் பிணை, இரத்த ஓட்டத்தைக் கெடுக்காதே, மூட்டை உடனே அசைக்கவிடு: இவையே அவர்கள் வகுத்த நெறிகள். நான்காவது நெறிதான் மற்ற மூன்றுக்கும் காரணம். மாதக்கணக்கில் மாவுக்கட்டில் கிடந்து மூட்டு இறுகி, தசை சூம்பி, எலும்பு மெலிந்துபோவதை ஒரு நோயாகவே அவர்கள் கண்டார்கள். கணுக்கால் முறிவுகளை டானிஸ் வகைப்படுத்தியும் இருந்தார்; அந்தப் பகுப்பை ஏஓ குழுவின் வெபர் 1972-இல் செம்மைப்படுத்தினார். ஃபிபுலா சின்டெஸ்மோசிஸுக்குக் கீழே உடைந்தால் ஏ, அதன் மட்டத்தில் உடைந்தால் பி, மேலே உடைந்தால் சி. வார்டில் இன்றும் ‘வெபர் பி’ என்று சொன்னால் எல்லாருக்கும் புரிகிறது.

ஒரு மில்லிமீட்டர்

1976-இல் ராம்சேயும் ஹாமில்டனும் 23 சடல மூட்டுகளில் செய்த சோதனை இத்துறையையே உலுக்கியது. டாலஸ் 1 மி.மீ. வெளியே நகர்ந்தால் மூட்டுப் பரப்புகள் தொடும் இடம் சராசரியாக 42 விழுக்காடு குறைகிறது என்றார்கள். தொடும் பரப்பு குறைந்தால் அழுத்தம் கூடும், குருத்தெலும்பு தேயும். அடுத்த ஆண்டே யாப்லானும் சகாக்களும், டாலஸ் வெளிக்கணுவைப் பின்தொடர்ந்தே நகர்கிறது, ஆகவே ஃபிபுலாவைத்தான் முதலில் நேராக்க வேண்டும் என்று எழுதினார்கள். ஃபிபுலா சிறிது விலகியிருந்தாலும் பிளேட் என்ற வழக்கம் பரவியது.

இங்கேதான் தர்க்கம் வழுக்கியது. ராம்சேயும் ஹாமில்டனும் அளந்தது டாலஸின் நகர்வை. ஃபிபுலா விலகினால் டாலஸும் விலகும் என்று மற்றவர்கள் எடுத்துக்கொண்டார்கள். டெல்டாய்டு தசைநார் முழுதாக இருந்தால், ஃபிபுலா விலகினாலும் டாலஸ் பெரும்பாலும் தன் இடத்திலேயே நிற்கிறது என்று பின்வந்த சோதனைகள் காட்டின. 1985-இல் டென்மார்க்கிலிருந்து வந்த ஆய்வொன்று, உட்புறம் கெடாத ஃபிபுலா முறிவுகளைக் கத்தியில்லாமல் குணப்படுத்தி 20 ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது மிகப் பெரும்பாலோர் நன்றாக நடப்பதைப் பதிவு செய்தது. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து மருத்துவமனைகளில் 160 பேரிடம் நடந்து 2017-இல் வெளிவந்த சோதனையிலும், டாலஸ் நகராத வெபர் பி முறிவில் அறுவைச் சிகிச்சை கூடுதல் பயன் தரவில்லை, பாதகங்களே கூடின. பின்லாந்தில் 2019-இல் வெளிவந்த ஆய்வு, அத்தகையவர்களுக்கு ஆறு வாரக் கட்டுக்குப் பதில் மூன்று வாரமே போதும் என்றது. எலும்புக் கட்டு வைத்தியர்களிடம் போய் நன்றாக நடப்பவர்களை நம் ஊர்களில் நிறையப் பார்க்கிறோம். அவர்களில் பலருக்கு டாலஸ் நகராத முறிவாகவே இருந்திருக்கும். நகர்ந்த முறிவைக் கட்டி வைத்தவருக்கு வலி வருவது சில ஆண்டுகள் கழித்து. அப்போது யாரும் பழைய கட்டை நினைப்பதில்லை.

சரி, அறுவைதான் வேண்டும் என்றால் என்ன நடக்கிறது? முதலில் தோல். கணுக்காலில் எலும்புக்கும் தோலுக்கும் நடுவே சதை மிகக் குறைவு. வீக்கமும் கொப்புளமும் இருக்கும்போது கீறினால் தையல் போட்ட இடம் ஒட்டாது. ஆகவே காலை உயர்த்தி வைத்து, தோலில் மறுபடி சுருக்கம் தெரியும்வரை ஒரு வாரமோ அதற்கு மேலோ காத்திருப்பார்கள். பிறகு வெளிக்கணுவின் மேல் நீளவாக்கில் கீறி, உறைந்த இரத்தத்தைக் கழுவி, சாய்வாக உடைந்த ஃபிபுலாவைக் கூர்முனைக் கவ்வியால் பிடிக்கிறார்கள். முன்பாதித் துண்டில் அகன்ற துளையும் பின்பாதியில் குறுகிய துளையும் போட்டு ஒரு ஸ்குரூவை முடுக்கும்போது, மரை பின் துண்டை மட்டும் கவ்வி இழுக்க, முறிவுக்கோடு கண்ணெதிரே மறைகிறது. அதன்மேல் மெல்லிய பிளேட் காவலாக அமர்கிறது. உள்கணு பெயர்ந்திருந்தால் அதற்குப் பெரும்பாலும் இரண்டு ஸ்குரூ. பின்னர் ஃபிபுலாவைக் கொக்கியால் இழுத்துப் பார்ப்பார்கள். அது டிபியாவை விட்டு விலகினால் சின்டெஸ்மோசிஸ் கிழிந்திருக்கிறது என்று பொருள். இரு எலும்புகளையும் சேர்த்து ஸ்குரூவோ, இருமுனையிலும் பொத்தான் வைத்த உறுதியான நூலோ போடுவார்கள். அந்த ஸ்குரூவைப் பிறகு கட்டாயம் எடுத்தாக வேண்டும் என்ற பழைய வழக்கத்தை, தொந்தரவு இருந்தால் எடுத்தால் போதும் என்று 2021-இல் வெளிவந்த நெதர்லாந்து ஆய்வு தளர்த்தியது.

பின்கணுவின் கதை இன்னும் முடியவில்லை. மூட்டுப் பரப்பில் கால் பங்குக்கோ மூன்றிலொரு பங்குக்கோ மேல் உடைந்தால்தான் கைவைப்பது என்பது பழைய விதி. பக்கவாட்டு எக்ஸ்ரேயில் அந்த அளவே தவறாகத் தெரியும் என்பதை சிடி ஸ்கேன் வெளிச்சமாக்கியது. சின்டெஸ்மோசிஸின் பின்தசைநார் அந்தத் துண்டில்தான் ஒட்டியிருக்கிறது. எனவே நோயாளியைக் குப்புறப் படுக்கவைத்து அதைப் பின்னாலிருந்தே பொருத்துகிறவர்கள் பெருகி வருகிறார்கள்.

எலும்பு மெலிந்தவர்கள்

முதியவர்களுக்கு எலும்பில் ஸ்குரூ பிடிப்பதில்லை, காயமும் எளிதில் ஆறுவதில்லை. பிரிட்டனில் 60 வயதைத் தாண்டிய 620 பேரிடம் நடந்த ஆய்வு 2016-இல் வெளிவந்தது. ஒரு சாராருக்கு அறுவை. மறு சாராருக்கு மயக்க மருந்து கொடுத்து, பஞ்சைக் குறைத்துத் தோலோடு ஒட்டினாற்போல் போட்ட மாவுக்கட்டு. ஆறு மாதத்தில் நடமாட்டம் இருவருக்கும் ஏறத்தாழ ஒன்றே. தொற்றும் காயக் கோளாறும் அறுவையில் 10 விழுக்காடு, கட்டில் 1. ஆனால் கட்டுப் போட்டவர்களில் ஐந்தில் ஒருவருக்கு எலும்பு மறுபடி விலகிப் பின்னர் அறுவை தேவைப்பட்டது. வாராவாரம் எக்ஸ்ரே எடுத்துக் கவனிக்க முடிகிற இடத்தில் மட்டுமே இம்முறையைப் பரிந்துரைக்கலாம் என்பது என் கருத்து.

காலை ஊன்றும் நாள்

ஏஓ குழு மூட்டை அசைக்கச் சொன்னது; ஊன்றச் சொல்லத் தயங்கியது. அறுவைக்குப் பின் ஆறு வாரம் பாதம் தரையில் படக்கூடாது என்பது உலகெங்கும் வழக்கமானது. ஆறு வாரம் வாக்கரிலோ ஊன்றுகோலிலோ தொத்தி நடப்பது என்றால் தினக்கூலிக்காரருக்கும் சமையலறையில் நிற்க வேண்டிய பெண்ணுக்கும் என்னவாகும் என்று யோசித்துப் பார்க்க வேண்டும். 2024-இல் லான்செட் இதழில் வந்த பிரிட்டன் ஆய்வு 23 மருத்துவமனைகளின் 561 நோயாளிகளைச் சேர்த்தது. இரண்டாம் வாரத்திலேயே ஊன்றத் தொடங்கியவர்கள் ஆறாம் வாரத்தில் தொடங்கியவர்களுக்கு நான்காம் மாதத்தில் எவ்வகையிலும் குறைந்துவிடவில்லை. அதற்கு முன் 2021-இல், மாவுக்கட்டுக்குப் பதில் கழற்றி மாட்டும் பூட்ஸ் அணிந்தாலும் பலன் ஒன்றே என்று அந்நாட்டிலேயே நிறுவியிருந்தார்கள். 2015-இல் ஆஸ்திரேலியாவின் ஆய்வு, கட்டைக் கழற்றியபின் நன்கு விளக்கிச் சொல்லி வீட்டில் செய்யச் சொன்ன பயிற்சிக்கு மேல், கண்காணிப்பில் நடத்தும் பயிற்சித் திட்டம் கூடுதல் பலன் தரவில்லை என்று கண்டது. வாகனம் ஓட்டுவதில் மட்டும் அவசரம் கூடாது: வலது கணுக்காலில் அறுவை ஆனவர் பிரேக்கை மிதிக்கும் வேகம் இயல்புக்குத் திரும்ப ஒன்பது வாரம் ஆகிறது என்று 2003-இல் அளந்திருக்கிறார்கள்.

லான்செட் ஆய்வில் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்களைச் சேர்க்கவில்லை. நம்மிடையே நீரிழிவு பெருகியிருக்கும் நிலையில் இதை அழுத்திச் சொல்ல வேண்டும். நரம்பு மரத்துப்போனவருக்கு ஸ்குரூ தளர்ந்தாலும் வலி தெரியாது. வலி தெரியாததால் தொடர்ந்து நடப்பார். மூட்டே நொறுங்கிப் பாதம் உருக்குலையும் சார்கோ நிலை வரக்கூடும். இவர்களுக்குக் கூடுதல் ஸ்குரூக்கள், தடித்த பிளேட், வழக்கத்தைவிட நீண்ட ஓய்வு என்பதே பெரும்பாலான மருத்துவர்களின் வழி. கணுக்கால் உடைந்து வரும் நீரிழிவு நோயாளியின் பாதத்தில் மெல்லிய நைலான் இழையை அழுத்தி, தெரிகிறதா என்று கேட்கும் சோதனைக்குச் சில நிமிடங்களே போதும். இரண்டாம் வாரத்தில் ஊன்றலாம் என்று எழுதுவதற்கு முன் அதைச் செய்துவிட வேண்டும்.