மக்கர் பண்ணுமோ என்ற பயம்

1903 மே 16ஆம் தேதி ஜார்ஜ் வைமன் என்கிற சைக்கிள் பந்தயக்காரர், சான் பிரான்சிஸ்கோவிலிருந்து நியூயார்க்குக்கு மோட்டார் சைக்கிளில் கிளம்பினார். மோட்டார் சைக்கிள் என்றதும் நம் கண்ணுக்கு வருகிற உருவத்தைக் கொஞ்சம் அழித்துவிடுங்கள். அது ஒரு சைக்கிள்தான். சட்டத்துக்குள் ஒன்றேகால் குதிரைத்திறன் என்ஜினைப் பொருத்தி, பின்சக்கரத்தோடு தோல் பெல்ட்டால் இணைத்திருந்தார்கள். பெடலைக் கழற்றவில்லை. மேற்குப் பகுதியில் பல இடங்களில் சாலையே கிடையாது. அதனால் ரயில் தண்டவாளத்துக்கு நடுவே, ஸ்லீப்பர் கட்டைகளின் மேல், குதித்துக் குதித்து ஓட்டினார். உடைந்ததை எல்லாம் வழியில் கிடைத்ததை வைத்து ஒட்டுப்போட்டுக்கொண்டே போனார். சிகாகோவில் ஓர் உதிரிபாகத்துக்காக நாள்கணக்கில் காத்துக்கிடந்தார். கடைசியில் ஆல்பனி நகரத்துக்குப் பக்கத்தில் என்ஜின் மொத்தமாகக் கைவிட்டது. நியூயார்க்குக்கு இன்னும் 240 கிலோமீட்டர் இருந்தது. மீதியை மிதித்தே போய்ச் சேர்ந்தார்.

ஜூலை 6ஆம் தேதி நியூயார்க். அமெரிக்காவைக் கடலோரத்திலிருந்து கடலோரம் வரை கடந்த முதல் மோட்டார் வாகனம் அதுதான். முதல் கார் வந்து சேர இன்னும் 20 நாள் ஆனது.

இந்தக் கதையில் எனக்குப் பிடித்தது அந்தப் பெடல். வண்டியைச் செய்தவனே, "இது நிக்கும் தம்பி, நின்னா மிதிச்சுக்கோ" என்று ஒப்புக்கொண்டு விற்ற பொருள் அது. அதற்குப் பிறகு வந்த நூற்றுச் சொச்சம் வருடத்தில் மோட்டார் சைக்கிளிலிருந்து பெடல் போய்விட்டது. பயம் போகவில்லை.

வருடத்துக்கு ஒரு முறையாவது நீண்ட தூரம் ஓட்டுகிறவன் நான். கிளம்புவதற்கு முந்தைய இரவு தூக்கம் வராது. சந்தோஷம் பாதி, மீதி செயின், கிளட்ச் வயர், டயர். மதுரையைத் தாண்டி இருநூறு கிலோமீட்டர் போனதும் எந்த வண்டியாக இருந்தாலும் புதிதாக ஒரு சத்தம் கேட்க ஆரம்பிக்கும். ஹெல்மெட்டுக்குள் காற்றின் இரைச்சல் இருக்கும்போதே அது மட்டும் தனியாகக் கேட்கும். டாப்பெட்டா? பேரிங்கா? டீக்கடையில் நிறுத்திக் குனிந்து பார்த்தால் ஒன்றும் இருக்காது. மறுபடி கிளம்பினால் மறுபடி கேட்கும். நெடுந்தூரம் ஓட்டும் எல்லோருக்கும் இது உண்டு, பெரும்பாலும் வெளியே சொல்வதில்லை. ஆயுத பூஜைக்குச் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைக்கிற ஊர்க்காரர்களுக்கு இதை விளக்கவும் வேண்டியதில்லை.

இந்தப் பயத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது என்பது கொஞ்சம் வாசித்த பிறகுதான் பிடிபட்டது. வண்டி நின்றுவிடுமோ என்ற பயம் ஒவ்வொரு காலத்திலும் ஒவ்வொரு மாதிரி இருந்திருக்கிறது.

தெரசா வாலக், ஃப்ளாரன்ஸ் பிளென்கிரன் என்ற இரண்டு ஆங்கிலேயப் பெண்களை எடுத்துக்கொள்ளுங்கள். 1934 டிசம்பர் 11 அன்று லண்டனிலிருந்து கேப்டவுனுக்குக் கிளம்பினார்கள். 600 சிசி பேந்தர், ஒற்றை சிலிண்டர் வண்டி. அதன் பக்கத்தில் ஒரு சைடுகார், பின்னால் ஒரு டிரெய்லர் வேறு. நடுவே சஹாரா. திசைகாட்டி இல்லை. சரியாகச் சொன்னால், அந்த என்ஜின் இழுப்பதற்காகச் செய்யப்பட்ட எடை இல்லை அது, அந்த மணலும் இல்லை. பாலைவனத்தில் என்ஜின் போனது. நைஜரில் உள்ள அகதேஸ் என்ற ஊரில் உட்கார்ந்து, பாகங்கள் வரும்வரை காத்திருந்து, என்ஜினை முழுக்கப் பிரித்து மறுபடி பூட்டினார்கள். வாலக் பொறியியல் படித்தவர். 1935 ஜூலை 29 அன்று கேப்டவுன் போய்ச் சேர்ந்தார்கள். ஏழரை மாதம்.

கவனியுங்கள், அவர்களுக்கு வண்டி உடையுமா என்பது கேள்வியே இல்லை. உடையும். நம்மால் பிரித்துப் பூட்ட முடியுமா என்பதுதான் கேள்வி. இதற்கு நேர் எதிர், 1952இல் எர்னஸ்டோ குவேராவும் ஆல்பெர்ட்டோ கிரனாடோவும் தென்னமெரிக்காவைச் சுற்றக் கிளம்பிய பழைய 500 சிசி நார்ட்டன். அதன் செல்லப்பெயர் 'பலசாலி'. அந்தப் பலசாலி விழுந்து, உடைந்து, சிலி நாட்டோடு ஓய்ந்துவிட்டது. மீதிப் பயணம் லாரியிலும் கப்பலிலும் கால்நடையாகவும். வண்டி ஓடியிருந்தால் அந்தச் சே சுரங்கத் தொழிலாளர்களோடு அத்தனை பேச்சு பேசியிருப்பாரா என்று கேட்பவர்கள் உண்டு. நமக்கு அந்த வாதம் வேண்டாம். வண்டி நின்றதால் புரட்சி வந்தது என்று சொன்னால் எங்கள் ஊர் மெக்கானிக்குகள் எல்லோரும் புரட்சியாளர்கள் ஆகிவிடுவார்கள்.

இனி நம் பக்கத்துக் கதை. ஐம்பதுகளின் தொடக்கத்தில் எல்லை ரோந்துக்கு மோட்டார் சைக்கிள் தேடிய இந்திய ராணுவம், இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்தில் செய்யப்பட்ட 350 சிசி ராயல் என்ஃபீல்டு புல்லட்டைத் தேர்ந்தெடுத்தது. இறக்குமதி செய்தது சென்னையின் மெட்ராஸ் மோட்டார்ஸ். 1955இல் இரண்டு தரப்பும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியா ஆனது. திருவொற்றியூரில் தொழிற்சாலை. முதலில் பாகங்களாக வந்ததை இங்கே பூட்டினார்கள். பிறகு அச்சும் கருவிகளும் இங்கே வந்தன. அறுபதுகளில் முழு வண்டியும் இங்கேயே. 1970 வாக்கில் இங்கிலாந்தில் தாய் நிறுவனம் மூடப்பட்டது. திருவொற்றியூரில் மட்டும் அந்த வண்டி உயிரோடு இருந்தது. 1977இல் இங்கிருந்து இங்கிலாந்துக்கே ஏற்றுமதி ஆனது.

இதில் நம் விஷயத்துக்கு முக்கியமானது ஒன்றுதான். ஐம்பதுகளில் வரைந்த வார்ப்பிரும்பு என்ஜின், சின்னச் சின்ன மாற்றங்களோடு, ஏறக்குறைய அரை நூற்றாண்டு ஓடியது. அது குறை இல்லாத என்ஜின் என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆயில் கசியும். பாயிண்ட் தேயும், உப்புத்தாள் வைத்துத் தேய்க்கணும். அம்மீட்டர் முள்ளைப் பார்த்து, டிகம்ப்ரசரை அமுக்கி, அதற்கப்புறம்தான் உதைக்கணும். இல்லாவிட்டால் கிக்கர் திருப்பி உதைக்கும். நீண்ட தூரம் போகிறவர்கள் ஓடுகிற கிளட்ச் வயருக்குப் பக்கத்திலேயே இன்னொரு வயரை இழுத்துக் கட்டி வைத்திருப்பார்கள். அறுந்தால் மாட்ட வேண்டியது மட்டுமே பாக்கி.

ஆனால் ஐம்பது வருடம் ஒரே என்ஜின் ஓடினால் என்ன ஆகும்? அதைப் பிரிக்கத் தெரிந்தவர்கள் ஊர் ஊராகப் பெருகுவார்கள். ராணுவத்தில் வண்டி பார்த்தவர்கள் ஓய்வுபெற்று ஊரில் பட்டறை போட்டதும் இதற்குக் காரணமாக இருக்கலாம், இது என் ஊகம்தான். பாகங்கள் சென்னை ஜி.பி. ரோட்டிலும் புதுப்பேட்டையிலும் டெல்லி கரோல் பாக்கிலும் குவிந்து கிடக்கும். இமயமலைக்குப் போக வந்த வெள்ளைக்காரர்கள் கரோல் பாக்கில் பழைய புல்லட் வாங்கிக்கொண்டு கிளம்பியதற்குக் காரணம் அழகு மட்டும் இல்லை. எனக்குத் தெரிந்த ஒரு மெக்கானிக் அண்ணன் சொல்வார்: "அது படுத்துக்கும் தம்பி. ஆனா எங்க படுத்தாலும் எழுப்ப ஆள் இருக்கும்."

நான் சொல்ல வருவது இதுதான். நம்பகம் என்பதை நாம் வண்டிக்குள் தேடுகிறோம். அதில் பாதிதான் வண்டிக்குள் இருக்கிறது. மீதிப் பாதி சாலையோரத்தில், ஒரு தகரக் கொட்டகையில், கிரீஸ் கையோடு உட்கார்ந்திருக்கிறது. சஹாராவில் வாலக்குக்கு அந்த மீதிப் பாதி கிடையாது, அதனால் அதைத் தன் கையிலேயே கொண்டுபோனார்.

வண்டிக்குள் இருக்கும் பாதியைச் சரிசெய்தவர்கள் ஜப்பானியர்கள். 1959இல் ஐல் ஆஃப் மேன் பந்தயத்துக்கு முதல்முறையாக வந்த ஹோண்டா, 125 சிசி பிரிவில் அணிக்கான பரிசை வாங்கியது. அன்றைய பிரிட்டிஷ் வண்டிகளில் கிராங்க் கேஸ் நெட்டுக்குத்தாக இரண்டாகப் பிரியும். இணைப்பு அடிவரை போவதால் அதன் வழியே ஆயில் கசியும். ஹோண்டா தன் வண்டிகளில் அதைப் படுக்கைவாக்கில் பிரித்தது. கசிவு பெரும்பாலும் நின்றது. பட்டனை அமுக்கினால் ஸ்டார்ட் ஆனது. 1969இல் நான்கு சிலிண்டர் சிபி750 வந்தபோது பிரிட்டிஷ் தொழிற்சாலைகளின் கதை ஏறக்குறைய முடிந்துவிட்டது.

இதே காலத்தில்தான் ராபர்ட் பிர்சிக் தன் மகனைப் பின்னால் உட்காரவைத்து மின்னசோட்டாவிலிருந்து மேற்கே ஓட்டிப் போனார். 1968. அவருடையது ஹோண்டா சூப்பர் ஹாக். கூட வந்த நண்பரிடம் பிஎம்டபிள்யூ. 1974இல் வந்த அவருடைய புகழ்பெற்ற புத்தகத்தில் ஓர் இடம் உண்டு. நண்பரின் ஹேண்டில்பார் பிடி தளர்ந்து வழுக்குகிறது. பீர் டப்பாவின் தகரத்தை வெட்டி நடுவில் செருகினால் போதும் என்கிறார் பிர்சிக். நண்பருக்கு முகம் மாறிவிடுகிறது. இவ்வளவு விலை கொடுத்து வாங்கிய வண்டிக்குக் குப்பைத் தகரமா? கவலையே வேண்டாம் என்றுதானே நல்ல வண்டி வாங்கினார். அதைத் தொடவே அவருக்குப் பயம். தத்துவத்தை விடுங்கள், அந்தப் புத்தகத்தில் எனக்கு இன்றுவரை மறக்காத இடம் அந்தத் தகரம்.

இந்தியாவுக்கு அந்த ஜப்பானிய நிம்மதி எண்பதுகளில் வந்தது. 1985இல் ஹீரோ ஹோண்டா சிடி100, அதே வருடம் யமஹா ஆர்எக்ஸ்100. ஹீரோ ஹோண்டா விளம்பரத்தின் சாரம்: பெட்ரோலை ஊற்று, மூடு, மறந்துவிடு. மூன்றாவது சொல்லைத்தான் அவர்கள் விற்றார்கள். மைலேஜ் எல்லாம் அதற்குப் பிறகு. நம் அப்பாக்கள் வேலைக்குப் போய்வந்த வண்டிகள் உண்மையிலேயே மறக்கக்கூடியவையாக இருந்தன. புல்லட் விற்பனை சரிந்தது. 1994இல் நிறுவனம் ஐஷரின் கைக்குப் போனது.

அப்புறம் 2020 ஏப்ரல். பிஎஸ்6 புகை விதி நாடு முழுக்க அமலானதும் கார்புரேட்டர் ஏறக்குறைய விடைபெற்றது. புது வண்டிகளில் ஃபியூவல் இன்ஜெக்ஷன், சென்சார்கள், அவற்றைக் கட்டுப்படுத்த ஒரு சின்னக் கணினி. பழைய ஆட்கள் இதைத் திட்டுவார்கள். நான் திட்டமாட்டேன். மணாலி-லே சாலையில் தண்டி என்ற இடத்தில் பெட்ரோல் பங்குக்குப் பக்கத்தில் ஒரு பலகை உண்டு, அடுத்த பங்க் 365 கிலோமீட்டரில் என்று. அதற்கப்புறம் ஐயாயிரம் மீட்டர் உயரக் கணவாய்கள். மேலே போகப் போகக் காற்று மெலிந்துவிடும். கார்புரேட்டருக்கு அது தெரியாது. கீழே கொடுத்த அதே அளவு பெட்ரோலை மேலேயும் கொடுக்கும், என்ஜின் மூச்சுத் திணறும், பிளக் கரி பிடிக்கும். இன்ஜெக்ஷன் வண்டி காற்றழுத்தத்தைப் பார்த்துத் தானே குறைத்துக்கொள்ளும். லடாக் போகிறேன் என்று யாராவது கேட்டால், யோசிக்காமல் இன்ஜெக்ஷன் வண்டியில் போ என்பேன்.

ஆனால் பயம் இடம் மாறிவிட்டது. ஃபியூவல் பம்ப் போனால் உப்புத்தாளுக்கு அங்கே வேலை இல்லை. மீட்டரில் ஒரு மஞ்சள் விளக்கு எரியும், அவ்வளவுதான். ஏன் எரிகிறது என்று அது நமக்குச் சொல்லாது. வைமனின் கேள்வி, என்னால் மிதிக்க முடியுமா. வாலக்கின் கேள்வி, என்னால் பூட்ட முடியுமா. அந்த விளக்கைப் பார்க்கிறவனின் கேள்வி, இந்த ஜில்லாவில் யாராலாவது முடியுமா என்பது.

கோவிட் முடிந்த வருடம் அந்த மெக்கானிக் அண்ணனிடம் நெடும்பயணத்துக்கு முன் வண்டியைக் காட்டப் போயிருந்தேன். ஸ்குரூ டிரைவரின் முனையை என்ஜினில் வைத்து, கைப்பிடியைக் காதில் வைத்து, டாக்டர் மாதிரிக் கேட்கிறவர் அவர். அன்றைக்கும் அப்படித்தான் கேட்டார். பிறகு உள்ளே போய், தன் மகனுடைய பழைய செல்போனையும் ஆள்காட்டி விரல் அளவு கருவி ஒன்றையும் எடுத்து வந்தார். சீட்டைக் கழற்றி அதை ஒயரில் செருகினார். திரையில் எண்கள் ஓடின.

"என்னண்ணே சொல்லுது?"

"ஒரு கோளாறும் இல்லங்குது."

"அப்போ அந்தச் சத்தம்?"

"அது இதுல வராது தம்பி" என்று சொல்லிவிட்டு, மறுபடி ஸ்குரூ டிரைவரை எடுத்தார்.