அவையேறிய கண்டி மகளிர்

கண்டி மாநகரில் தலதா மாளிகையின் அயலிலே பத்தினி தேவாலயம் என்னும் கோயில் ஒன்று உண்டு. அங்கே சிங்கள மக்கள் பத்தினித் தெய்வமெனப் போற்றி வழிபடுபவள் சிலப்பதிகாரத்துக் கண்ணகியே. ஆண்டுதோறும் எசல மாதத்துப் பெரஹர வீதிவலம் வரும்போது, நாத, விஷ்ணு, கதிர்காமத் தேவாலயங்களின் ஊர்வலங்களோடு பத்தினி தேவாலயத்தின் ஊர்வலமும் செல்லும். செங்குட்டுவன் கண்ணகிக்கு எடுத்த விழாவிலே இலங்கை வேந்தன் கயவாகுவும் இருந்தான் என்று இளங்கோவடிகள் கூறுவதைத் தமிழர் அறிவர்.

கண்ணகி தெய்வமாவதற்கு முன் செய்த செயல் யாது? அவள் அரசவை ஏறிப் பேசினாள். அவள் வழக்குரைத்தது தன்பொருட்டன்று. இனி வாய்திறந்து பேசமுடியாத ஒருவன் பொருட்டே. அவையஞ்சாமை என ஓர் அதிகாரமே வகுத்தார் வள்ளுவர். அஞ்சாது பேசுவது ஒரு சிறப்பு. அவையில் இடம்பெறாத ஒருவருக்காக அஞ்சாது பேசுவது அதனினும் பெருஞ்சிறப்பு. இருபதாம் நூற்றாண்டிலே இச்சிறப்புக்குரிய மகளிர் சிலர் கண்டி நகரிலும் அதனைச் சூழ்ந்த மலைநாட்டிலும் தோன்றினர். அவர்களுள் ஒரு தாயும் அவருடைய புதல்வியர் இருவரும் ஒரே இல்லத்தவர் என்பது வரலாற்றின் ஒரு புதுமை.

அத்தாய் அக்னஸ் டி சில்வா அம்மையார். பறங்கியர் சமூகத்தில் நெல் என்னும் குடும்பத்திலே 1885ஆம் ஆண்டில் பிறந்தவர். கண்டியின் வழக்கறிஞரும் இலங்கைத் தேசிய காங்கிரஸின் தலைவர்களுள் ஒருவரும் பின்னாளில் சுகாதார அமைச்சராக விளங்கியவருமான ஜோர்ஜ் ஈ. டி சில்வாவை மணந்தவர். கணவர் சிங்களவர். இனம் கடந்த அம்மணம் அக்காலத்தில் எளிதில் ஏற்கப்பட்ட ஒன்றன்று.

அந்நாளிலே இலங்கையில் வாக்குரிமை பெற்றிருந்தோர் தொகை மிகச் சிறிது. 1924ஆம் ஆண்டின் தேர்தலில் மக்களுள் நூற்றுக்கு நால்வர் அளவினரே வாக்களிக்க உரிமை பெற்றிருந்தனர். அவர்கள் யாவரும் கல்வியோ சொத்தோ வருமானமோ உடைய ஆடவர். பெண் ஒருத்தி மருத்துவராக இருக்கலாம். பள்ளியின் தலைமையாசிரியராக இருக்கலாம். ஆயினும் வாக்குச்சாவடியின் வாயில் அவளுக்கு அடைபட்டே இருந்தது. 1925ஆம் ஆண்டில் தேசிய காங்கிரஸின் மகாநாட்டிலே அசலின் தோமஸ் அம்மையார் பெண்களுக்கு வாக்குரிமை கோரும் தீர்மானத்தை முன்மொழிய, அக்னஸ் அம்மையார் அதனை வழிமொழிந்தார். அத்தீர்மானமும் வரையறுக்கப்பட்ட வாக்குரிமையையே வேண்டிற்று. எல்லாப் பெண்களுக்கும் என்ற பேச்சு அப்போது எழவில்லை.

1927ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் டொனமூர் பிரபுவின் தலைமையில் நால்வர் கொண்ட ஆணைக்குழு ஒன்று இலங்கைக்கு வந்தது. நாட்டின் அரசியலமைப்பை எவ்வாறு திருத்தலாம் என்று ஆராய்வது அதன் பணி. காந்தியடிகளும் அதே மாதத்தில் இலங்கைக்கு வந்து கண்டியிலும் உரையாற்றினார். அடுத்த மாதமாகிய டிசம்பரில் பெண்கள் வாக்குரிமைச் சங்கம் தோன்றியது. டயஸ் பண்டாரநாயக்க சீமாட்டி தலைவியானார். அக்னஸ் டி சில்வா செயலாளரானார். கனடாவிலிருந்து வந்து தமிழர் ஒருவரை மணந்து இலங்கையையே தம் நாடாகக் கொண்ட மருத்துவர் மேரி இரட்ணம், தமிழ்ப் பெண்மணியாகிய நேசம் சரவணமுத்து முதலியோரும் அச்சங்கத்தில் உழைத்தனர். சிங்களவர், தமிழர், பறங்கியர் என்ற பிரிவு அங்கே இல்லை.

இச்சங்கத்தின் தூதுக்குழுவினர் ஆணைக்குழுவின் முன் சென்று தம் கோரிக்கையை எடுத்துரைத்தனர். அப்போது டொனமூர் பிரபு ஒரு வினாவை எழுப்பினார். தேயிலைத் தோட்டங்களில் கூலிவேலை செய்யும் இந்தியத் தமிழ்ப் பெண்களுக்கும் வாக்குரிமை வேண்டுமென்று நீங்கள் கேட்கிறீர்களா என்பதே அவ்வினா. அது எளிய வினாவன்று. தோட்டத் தொழிலாளர் வாக்குப் பெற்றால் மலைநாட்டின் தேர்தல் முடிவுகள் மாறிவிடும் என்று சிங்களத் தலைவர்கள் பலர் அஞ்சிய காலம் அது. கண்டித் தொகுதியையே தம் அரசியற் களமாகக் கொண்ட ஒருவரின் மனைவி அதற்கு விடை கூறவேண்டியிருந்தது. அக்னஸ் அம்மையார் தயங்கவில்லை. ஆம், அவர்களும் பெண்களே. எல்லாப் பெண்களுக்கும் வாக்குரிமை வேண்டும் என்று அவர் கூறினார்.

கண்டியைச் சூழ்ந்த மலைகளை அறிந்தவர்களுக்கு அவ்விடையின் பொருள் நன்கு விளங்கும். ஏவாகெட்டைப் பகுதியிலுள்ள லூல்கந்துரா தோட்டத்தில் ஜேம்ஸ் டெயிலர் 1867ஆம் ஆண்டில் தேயிலையைப் பயிரிட்டது முதலாக, அம்மலைகளில் கொழுந்து பறித்தவர்களிற் பெரும்பாலோர் தமிழ்ப் பெண்கள். விடியற்காலையில் முதுகிற் கூடையைத் தொங்கவிட்டு மலையேறி, மாலையில் லயத்துக்குத் திரும்பும் வாழ்க்கை அவர்களுடையது. சட்டம் வகுத்த மிகக்குறைந்த கூலி விகிதத்திலேயும் ஆடவர் கூலியினும் பெண்கள் கூலி குறைவாகவே வைக்கப்பட்டது. அத்தகையோர் எவரும் ஆணைக்குழுவின் முன் நிற்கவில்லை. ஆயினும் அவர்கள் பெயர் அந்த அவையிலே ஒலித்தது.

ஆணைக்குழு 1928ஆம் ஆண்டில் தன் அறிக்கையை வெளியிட்டது. கல்வியும் சொத்தும் தடையாகா என்றும், முப்பது வயது நிறைந்த பெண்கள் யாவரும் வாக்களிக்கலாம் என்றும் அது பரிந்துரைத்தது. எதிர்ப்பும் எழாமலில்லை. பெண்கள் கல்விக்காக 1913ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்திலே கல்லூரி நிறுவிய சேர் பொன்னம்பலம் இராமநாதன் போன்ற பெரியாரும் சர்வசன வாக்குரிமையை ஏற்கவில்லை. எனினும் 1931ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பு, ஆண் பெண் இருபாலார்க்கும் இருபத்தொரு வயதிலேயே வாக்குரிமை அளித்தது. இங்கிலாந்தில் பெண்கள் ஆடவரோடு ஒத்த வாக்குரிமையை 1928ஆம் ஆண்டிலேதான் பெற்றனர் என்பதை எண்ணினால் இலங்கை பெற்றதன் பெருமை விளங்கும். 1931ஆம் ஆண்டு இறுதியில் அடலின் மொலமுரே அம்மையார் ருவன்வலைத் தொகுதியிலிருந்தும், அடுத்த ஆண்டில் நேசம் சரவணமுத்து அம்மையார் வட கொழும்புத் தொகுதியிலிருந்தும் அரசாங்க சபைக்குத் தெரிவாகினர்.

ஆனால் தோட்டத்துப் பெண்ணின் கதை வேறு வழியிற் சென்றது. ஆணைக்குழுவின் பரிந்துரையைத் தேசாதிபதி ஸ்டான்லி திருத்தினார். இந்தியத் தொழிலாளர் தாம் இந்நாட்டில் நிலையாகக் குடியிருப்பவர் என்பதை நிலைநாட்டினாலன்றி வாக்காளர் இடாப்பிற் பெயர் பெறல் அரிதாயிற்று. எல்லாப் பெண்களுக்கும் என்று அவையிற் கூறப்பட்ட சொல்லின் குறுக்கே சட்டம் ஒரு வேலியை இட்டது.

அவ்வேலிக்கு அப்பாலிருந்தும் ஒரு பெண்குரல் எழுந்தது. தஞ்சைத் தரணியிலிருந்து வந்து கண்டிச் சீமைத் தோட்டத் தொழிலாளரை ஒன்றுதிரட்டிய கோ. நடேசையரின் துணைவியார் மீனாட்சி அம்மாளே அவர். நடேசையர் 1931ஆம் ஆண்டில் அட்டனில் தொழிலாளர் சம்மேளனத்தை நிறுவினார். அவருடைய கூட்டங்களிலே மீனாட்சி அம்மாள் முதலில் பாடுவார், மக்கள் கூடுவர், பின்னர்ப் பேச்சு நடைபெறும். படிக்கத் தெரியாத மக்களுக்கு அரசியலைப் பாட்டாக்கிக் கொடுத்தார். 1940ஆம் ஆண்டில் அவர் தம் பாடல்களை நூலாகவும் வெளியிட்டார். அக்னஸ் அம்மையார் பேசிய அவையில் நாற்காலிகள் இருந்தன. மீனாட்சி அம்மாள் பேசிய அவை திறந்த வெளியிலே, தரையில் அமர்ந்த மக்களால் ஆனது. இருவர் கூறிய பொருளும் ஒன்றே.

அக்னஸ் அம்மையாரின் மூத்த புதல்வியருள் ஒருவரான அனில் டி சில்வா கடல்கடந்து பம்பாய்க்குச் சென்றார். 1943ஆம் ஆண்டில், வங்காளம் பஞ்சத்தில் வாடிய காலத்திலே, இந்திய மக்கள் நாடகக் கழகம் பம்பாயில் தன் முதல் மகாநாட்டைக் கூட்டியது. அக்கழகத்தின் முதற் பொதுச்செயலாளர் கண்டியின் இப்பெண்மணியே. நாடகம் செல்வர்களின் மாளிகைக்கு மட்டும் உரியதன்று, பசித்த மக்களின் வாழ்வையும் பேசவேண்டும் என்பது அக்கழகத்தின் கொள்கை. 1946ஆம் ஆண்டில் முல்க் ராஜ் ஆனந்த் தொடங்கிய மார்க் என்னும் கலையிதழிலும் அனில் உழைத்தார். 1957ஆம் ஆண்டில் சீனத்தின் பௌத்தக் குகைகளை ஆராயச் சென்ற அவருடன் சென்றவர்களுள், பின்னர்ப் புகழ்பெற்ற வரலாற்றறிஞரான ரொமிலா தாப்பரும் ஒருவர்.

இளைய புதல்வி மினெட் டி சில்வா 1918ஆம் ஆண்டில் கண்டியிற் பிறந்தார். கட்டடக்கலை பயில விரும்பினார். இலங்கையில் அதற்குரிய கல்லூரி அந்நாளில் இல்லை. பம்பாய்க்குச் சென்றார், விடுதலைப் போராட்டத்தின்பால் கொண்ட பற்றினாற் கல்லூரியிலிருந்து நீக்கப்பட்டார். பின்னர் இலண்டனிலே பயின்று, 1948ஆம் ஆண்டில் பிரித்தானிய அரச கட்டடக் கலைஞர் கழகத்தில் இணைஉறுப்பினராகத் தெரிவான முதல் ஆசியப் பெண்ணானார். 1947ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் பிரிட்ஜ்வாட்டர் நகரிற் கூடிய நவீன கட்டடக்கலைப் பேரவையிலும், மறு ஆண்டில் போலந்தின் விரோத்சுவாவ் நகரில் நடைபெற்ற உலக அறிஞர் சமாதான மகாநாட்டிலும் அவர் கலந்துகொண்டார். பிந்திய மகாநாட்டிற்கு ஓவியர் பிக்காசோவும் வந்திருந்தார்.

உலக அவைகளைக் கண்ட மினெட் தம் தொழிலைச் செய்யத் தேர்ந்த இடம் கண்டியே. அங்கே 1951ஆம் ஆண்டளவில் அவர் முடித்த கருணாரத்ன இல்லத்தில், தும்பறைப் பாய் நெசவும் மட்கலைஞர் வனைந்த ஓடுகளும் புதுமைக் கட்டடத்தோடு இணைந்தன. ஊர்க் கைவினைஞரை அவர் தம் தொழிற்றோழராக ஏற்றார்.

மகாவலி கங்கைக் கரையிலுள்ள வட்டப்புலுவையிலே அரசாங்க ஊழியர்க்கான வீடமைப்புத் திட்டத்தை 1950களில் அவர் வகுத்த முறை இன்னும் சிறப்புடையது. அங்கே குடியேற இருந்தோர் வெவ்வேறு இனத்தவர், வெவ்வேறு வருமானத்தினர். மினெட் முதலில் வரைபடத்தைத் தீட்டவில்லை, வினாத்தாளை அனுப்பினார். குடும்பத்தில் எத்தனை பேர், வீட்டிலே எவ்வகை வசதி வேண்டும், எவ்வளவு செலவிட இயலும் என்று வாழப்போகிறவர்களையே கேட்டறிந்து, அவ்விடைகளுக்கேற்ப வீடுகளை வகைப்படுத்தினார். இனப்பகை மூண்ட 1958ஆம் ஆண்டைக் கண்ட நாட்டிலே, பல இனத்தவரும் அயலவராக வாழும் குடியிருப்பொன்றை ஒரு பெண்மணி அமைத்தார் என்பது சிறிய செய்தியன்று. 1998ஆம் ஆண்டில் கண்டியிலேயே அவர் வாழ்வு நிறைவெய்தியது.

தாய் வினாவுக்கு விடை கூறினார். மகள் தாமே வினாவினார். இரண்டுக்கும் அடிப்படை ஒன்றே. எவருடைய வாழ்வைப் பற்றி முடிவு செய்யப்படுகிறதோ அவரையும் ஓர் ஆளாக மதிப்பதே அது.

அந்த மதிப்பை நாடு எளிதில் அளித்துவிடவில்லை. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டமும் மறு ஆண்டின் தேர்தற் சட்டத் திருத்தமும் மலைநாட்டுத் தமிழரிற் பெரும்பாலோரின் வாக்கைப் பறித்தன. 1964ஆம் ஆண்டில் சிறிமாவோவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம், 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்றும் 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை அளிப்பதென்றும், எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் முடிவு செய்வதென்றும் வகுத்தது. அப்பெண்களுள் எவரையும் எங்கே வாழ விரும்புகிறாய் என்று முன்கூட்டி ஒருவரும் கேட்கவில்லை. அக்னஸ் அம்மையார் 1961ஆம் ஆண்டிலேயே மறைந்துவிட்டார். இந்திய வம்சாவளியினருட் குடியுரிமையின்றி எஞ்சியிருந்தோர்க்கு அதனை வழங்கும் சட்டம் 2003ஆம் ஆண்டில்தான் நிறைவேறியது. டொனமூர் அறிக்கை வெளிவந்து அப்போது எழுபத்தைந்து ஆண்டுகள் கழிந்திருந்தன.

அன்று ஆணைக்குழுவின் முன் கூறப்பட்ட விடை சில சொற்களே கொண்டது. அதனைச் சட்டம் முழுமையாக ஏற்பதற்கு மூன்று தலைமுறை சென்றது. ஆயினும், கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு இன்று வாக்குச்சாவடியில் வரிசையில் நிற்கும் மலையகத்துப் பெண்ணின் விரலிற் படியும் மைக்குப் பின்னால் அந்த விடையும் இருக்கிறது. பத்தினித் தெய்வத்தின் ஊர்வலம் ஆண்டுதோறும் கண்டி வீதிகளில் செல்கிறது. அவையேறிப் பேசிய இம்மகளிரின் நினைவும் அவ்வீதிகளுக்கு உரியதே.