வாடைக் காற்றும் சீனன்குடாவும்

ஐப்பசி பிறந்ததும் திருகோணமலைப் பகுதியில் வாழ்வோர் அனைவரும் வானத்தைப் பார்க்கத் தொடங்குகின்றனர். தம்பலகாமத்து உழவன் பெரும்போகத்துக்கு விதைக்க மழை வருமா என்று பார்க்கின்றான். கரைவலை இழுப்போர், வாடியைப் பிரிக்கும் காலம் வந்துவிட்டதா என்று பார்க்கின்றனர். சீனன்குடா விமானத் தளத்திலோ மேகத்தின் அடிப்பகுதி எத்தனை அடி உயரத்தில் நிற்கின்றது என்று கணிக்கின்றனர். வானம் ஒன்றே, ஆயின் வானிலை அறிக்கை மூன்றாக வருகின்றது. தரைக்கு ஒன்று, வான்வழிப் போக்குவரத்துக்கு ஒன்று, கரையோரக் கடலுக்கு ஒன்று. இவற்றுள் எது முதலில் பிறந்தது? எவருடைய தேவைக்காகப் பிறந்தது? இவ்வினாக்களுக்கு விடை காண முயல்வோர்க்குச் சீனன்குடாவைவிடப் பொருத்தமான இடம் இலங்கையில் இல்லை எனலாம். விமான ஓடுபாதையும், ஆழ்கடல் துறைமுகமும், நெல்வயலும் ஒரு நாட்காலையில் நடந்து காணக்கூடிய தொலைவில் இங்கு அமைந்துள்ளன.

முதலில் இப்பருவத்தின் இயல்பை நோக்குவோம். ஒக்டோபர், நவம்பர் மாதங்களை வளிமண்டலவியலார் இரண்டாவது இடைப்பருவம் என்பர். வைகாசி தொடங்கி வீசிய தென்மேற்குக் காற்று தளர்கின்றது. வடகீழ்க் காற்று இன்னும் நிலைபெறவில்லை. பிற்பகலில் இடியும் மின்னலும் கூடிய மழை பெய்கின்றது. வங்காள விரிகுடாவில் தாழமுக்கங்கள் உருவாகின்றன. அவற்றுட் சில புயலாக வலுப்பெறுகின்றன. டிசம்பரில் வடகீழ்ப் பருவக்காற்று நிலைகொள்கின்றது. திருகோணமலை ஓராண்டிற் பெறும் ஏறக்குறைய 1,600 மில்லிமீற்றர் மழையில் பெரும் பகுதி இந்தச் சில மாதங்களிலேயே கொட்டித் தீர்க்கின்றது. இதே மழை உழவனுக்கு வாழ்வு, மீனவனுக்கு வேலையிழப்பு, விமானிக்கு ஆபத்து.

நம் முன்னோர் இவற்றை அறியாதவரல்லர். வாடை, கொண்டல், கச்சான், சோளகம் என்று காற்றுக்குத் திசைதோறும் பெயரிட்டு, எக்காற்றில் எம்மீன் படும், எக்காற்றில் கடலுக்குப் போகலாகாது என்று வகுத்து வைத்தவர்கள் உழைக்கும் மக்களே. அவர்களது அறிவு ஏட்டில் ஏறவில்லை. தந்தையிடமிருந்து மகனுக்கு வாய்மொழியாக வந்தது. அதற்கு ஓர் எல்லையும் இருந்தது. கண்ணுக்கெட்டிய கடலையே அது அறியும். அந்தமான் கடலில் இன்று தோன்றி மூன்று நாளிற் கரை சேரும் புயலை அறியாது. அந்தத் தொலைவை அளக்கும் அறிவு பின்னர் வந்தது. வந்தபோது அது மீனவனுக்காக வரவில்லை.

ஐரோப்பிய வல்லரசுகள் திருகோணமலைக்காகப் போரிட்டதற்கு வாடைக் காற்றே முதன்மையான காரணங்களுள் ஒன்று. சோழமண்டலக் கரையிலே சென்னைக்கும் புதுச்சேரிக்கும் கப்பல்கள் ஒதுங்குவதற்கேற்ற இயற்கைத் துறைமுகம் இல்லை. ஐப்பசியில் திறந்த கடலில் நங்கூரமிட்டு நிற்பது அழிவைத் தேடுவதாகும். சென்னையைக் கைப்பற்றிய பிரெஞ்சுத் தளபதி லாபூர்தொனேயின் கப்பற்படை, வெற்றியின் சூடு ஆறுமுன்னரே 1746 ஒக்டோபரில் புயலிற் சிதறியது. புயலுக்கு அஞ்சாமல் ஒதுங்கத்தக்க துறைமுகம் எவர் கையில் இருந்ததோ அவரே வங்கக் கடலில் ஆண்டு முழுவதும் நிலைத்து நிற்க இயலும். ஆகவேதான் 1782 சனவரியில் ஆங்கிலேயர் திருகோணமலையை ஒல்லாந்தரிடமிருந்து பறித்தனர். அதே ஆண்டு ஆகத்து மாத இறுதியில் பிரெஞ்சுத் தளபதி சஃப்ரன் அதை ஆங்கிலேயரிடமிருந்து பறித்தார். மீண்டும் ஒல்லாந்தர் கைக்கு வந்த துறைமுகம் 1795இல் ஆங்கிலேயர் வசமாயிற்று. மன்னர்களும் கம்பெனிகளும் மாறி மாறிப் போரிட்ட அந்நாட்களில், கரையிலிருந்த மீனவன் எக்கொடி பறந்தாலும் அதே வாடைக்கு அஞ்சி அதே வள்ளத்தைக் கரையேற்றிக்கொண்டிருந்தான்.

பத்தொன்பதாம் நூற்றாண்டிலே தந்திக் கம்பி வந்ததும் வானிலையறிவு புதுவடிவம் பெற்றது. ஓரிடத்துப் புயலின் செய்தி புயலைவிட விரைவாக மற்றோரிடத்தை அடைய முடிந்தது. இங்கிலாந்தில் ஃபிற்ஸ்ரோய் என்னும் கடற்படை அதிகாரி 1861இல் துறைமுகங்களுக்குப் புயலெச்சரிக்கை அனுப்பத் தொடங்கினார். அவர் மறைந்தபின், அம்முறை விஞ்ஞான அடிப்படையற்றது என்று கூறி 1866இல் அதனை நிறுத்தினர். கடலோடிகள் விடவில்லை, அவர்களது வற்புறுத்தலால் மறு ஆண்டே எச்சரிக்கை திரும்ப வந்தது. அறிஞர் அவையிற் குறைகூறப்பட்ட அறிவை உழைப்போரின் தேவை மீட்டெடுத்தது என்பதை நாம் மறத்தலாகாது.

இலங்கையில் 1907ஆம் ஆண்டு கொழும்பு வானிலை அவதான நிலையம் தொடங்கப்பெற்றது. இரு பெரும் போர்களுக்கும் இடைப்பட்ட காலத்திற் சீனன்குடாவில் எண்ணெய்க் குதங்களும் விமானத் தளமும் எழுந்தன. விமானம் வந்ததும் வானிலையறிவுக்கு வேறொரு வேகம் வந்தது. கப்பலுக்கு நாட்கணக்கிற் சொன்னால் போதும். விமானத்துக்கு மணிக்கணக்கிற் சொல்லவேண்டும். மேல்வானின் காற்று, மேகத்தின் உயரம், பார்வைத் தூரம் ஆகியன அளக்கப்பட்டன. 1942 ஏப்ரல் 9ஆம் நாள் யப்பானிய விமானங்கள் திருகோணமலைத் துறைமுகத்தையும் சீனன்குடாத் தளத்தையும் தாக்கின. அன்றே மட்டக்களப்புக்கு அப்பால் ஹேர்மிஸ் என்னும் விமானந்தாங்கிக் கப்பல் மூழ்கடிக்கப்பட்டது. போர்க்காலத்தில் வானிலை இராணுவ இரகசியமாகிவிட்டது. போர் தொடங்கியதும் பிரித்தானியாவில் பொதுமக்களுக்கான வானிலை அறிவிப்பே நிறுத்தப்பட்டது. மழை எல்லோருக்கும் பெய்யும்; மழை வருமென்னும் செய்தி மட்டும் சிலருக்கே உரியதாயிற்று.

1948இல் வளிமண்டலவியல் திணைக்களம் தனித்து அமைந்தது. 1950இல் உலக வளிமண்டலவியல் அமைப்பு உருவாயிற்று. 1957 ஒக்டோபர் 15ஆம் நாள் திருகோணமலைக் கடற்படைத் தளம் இலங்கையிடம் ஒப்படைக்கப்பட்டது. அந்நியர் போயினர். அறிவு மக்களிடம் வந்து சேர்ந்ததா?

1964 டிசம்பர் 22ஆம் நாள் திருகோணமலையைத் தாக்கிய புயல், தீவின் வடபகுதியை ஊடறுத்துப் பாக்கு நீரிணையைக் கடந்து, அன்றிரவு தனுஷ்கோடியை அழித்தது. பாம்பனிலிருந்து புறப்பட்ட பயணிகள் புகைவண்டியைக் கடல் விழுங்கியது. அதிலிருந்த நூற்றுக்கு மேற்பட்டோரும் மாண்டனர். 1978 நவம்பர் 23ஆம் நாள் இரவு மட்டக்களப்பைத் தாக்கிய புயல் தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டது. 2004 டிசம்பர் 26இல் வந்த ஆழிப்பேரலை வானிலையின்பாற் பட்டதன்று. எனினும் அதே பாடத்தையே புகட்டியது. கடலடியில் நிலம் நடுங்கியதை உலகின் ஆய்வு நிலையங்கள் சில நிமிடங்களில் அறிந்துவிட்டன. அலை நம் கிழக்குக் கரையை அடைய ஏறக்குறைய இரண்டு மணி நேரம் ஆயிற்று. அந்த இரண்டு மணி நேரத்தில் கரையோரத்துக் குடிசைக்கு ஒரு சொல்லும் வந்து சேரவில்லை.

முன்னேற்றம் இல்லையென்று கூறுவது நேர்மையாகாது. 2020 டிசம்பர் 2ஆம் நாள் இரவு புரவிப் புயல் குச்சவெளிப் பகுதியிற் கரையேறியபோது, கரையோர மக்கள் முன்னதாகவே பாதுகாப்பான இடங்களுக்கு அழைத்துச் செல்லப்பட்டிருந்தனர். ஆயினும் 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வாப் புயலில் நாடெங்கும் அறுநூறுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுட் பெருந்தொகையினர் மலைப் பகுதிகளில் மண்சரிவில் புதையுண்டவர்கள். புயல் வருமென்பதை அறிவது ஒன்று. அதன் மழை எச்சரிவில் எவர் வீட்டின்மேல் மண்ணைத் தள்ளும் என்று அவ்வீட்டாருக்கே சொல்லி, அவர்கள் போயிருக்க ஓரிடமும் கொடுப்பது வேறொன்று.

மூன்று அறிக்கைகளையும் அருகருகே வைத்து நோக்குக. விமானிக்குரியது மணி, திசை, அடிக்கணக்கு என்று துல்லியமாகப் பேசுகின்றது. உழவனுக்குரியது ‘சில இடங்களில் 100 மில்லிமீற்றர் வரையான மழை’ என்கின்றது. ஓர் ஏக்கர் வயலில் 100 மில்லிமீற்றர் மழை என்றால் ஏறக்குறைய நான்கு இலட்சம் லீற்றர் தண்ணீர். விதைத்து மூன்று நாளான வயலில் அது நின்றால் விதை அழுகும். இதை அவனுடைய கணக்கிற் சொல்வார் இல்லை. மீனவனுக்குரியதோ ‘கடலுக்குச் செல்லவேண்டாம்’ என்கின்றது. செல்லாத நாளுக்கு அவனுக்கு யார் கூலி கொடுப்பர்? சம்மாட்டியிடம் பட்ட கடன் காற்றைப் பார்த்து நிற்பதில்லை. எச்சரிக்கையைக் கேட்ட பின்னரும் கடலுக்குச் செல்பவனை அறியாமையுடையவன் என்று இகழ்வோர், அவன் வீட்டு அடுப்பைப் பார்த்ததில்லை. பணிந்து நடக்க வசதியில்லாதவனுக்கு விடுக்கப்படும் எச்சரிக்கை பாதி எச்சரிக்கையே.

ஆசிரியர்களாகிய நமக்கும் இதிற் கடமை உண்டு. பருவக்காற்றின் பெயர்களை மனனம் செய்வித்துப் புள்ளி வழங்குவதோடு நம் புவியியற் பாடம் முடிந்துவிடுகின்றது. ஒரு போத்தலும் புனலும் அளவுகோலும் இருந்தால் பள்ளி முற்றத்தில் மழையை அளக்கலாம். இந்த ஐப்பசியிலேயே தொடங்கலாம். உழவர் பிள்ளையும் மீனவர் பிள்ளையும் நாள்தோறும் அளந்து எழுதிய ஏட்டை வீட்டுக்குக் கொண்டுசென்று, தந்தையின் காற்றறிவோடு ஒப்பிட்டுப் பேசட்டும். அறிக்கையைப் படித்து விளக்கவும், அதில் இல்லாததைக் கேட்கவும் அப்பிள்ளைகள் பழகுவர். கடல் கொந்தளிக்கும் நாட்களுக்கு மீனவர் குடும்பத்துக்கு உதவித்தொகை வேண்டுமென்னும் கோரிக்கையும் அந்த ஏட்டின் கணக்கிலிருந்தே எழக்கூடும். சீனன்குடாவின் வானத்தை நூறாண்டுகளாகப் படைகளுக்காக அளந்தார்கள். இனி அதை அங்கு வாழ்வோருக்காக அளப்போம்.